லைசென்ஸ் செய்தி வந்ததும் பங்கு வாங்க ஓடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிப் நிறுவனப் பங்குகளில் சொந்தச் சேமிப்பைப் போட்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒரு சிப் நிறுவனம் தன் தொழில்நுட்பத்தை இன்னொரு சிப் நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுக்கிறது என்று செய்தி வந்தால், நம் குழுக்களில் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒப்பந்தத் தொகை முதல் வரி. பங்கு எத்தனை சதவீதம் ஏறியது என்பது இரண்டாவது வரி. "இப்போ உள்ளே போகலாமா?" என்பது மூன்றாவது. எதை லைசென்ஸ் கொடுத்தார்கள், பணம் எப்போது வரும், யார் நினைத்தால் அது நின்றுபோகும் என்று ஒருவர் கேட்பதற்குள் பேச்சு அடுத்த பங்குக்குப் போயிருக்கும். அந்தக் கேள்விகளுக்காகத்தான் இந்த மடல்.

கேட்காமல் வாங்கிக் காசை விட்ட அனுபவம் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன சிப் வடிவமைப்பு நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தன் வடிவமைப்பை லைசென்ஸ் கொடுத்திருப்பதாக அறிவித்தது. சந்தை திறந்த நிமிடத்தில், கிடைத்த விலைக்கு வாங்கினேன். அறிக்கையை முழுசாகப் படித்தது அன்று இரவுதான். தொகைக்கு முன்னால் "அதிகபட்சமாக" என்று ஒரு சொல் இருந்தது. முன்பணம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அந்தப் பெரிய நிறுவனம் சிப்பைச் செய்து, விற்று, விற்பனை ஒரு அளவைத் தாண்டினால் வரும் பணம். அந்தச் சிப் கடைசி வரை விற்பனைக்கே வரவில்லை. இதில் அந்த நிறுவனம் பொய் சொன்னது என்று சொல்ல முடியாது. அந்தச் சொல் அங்கேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

சரி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2016 ஏப்ரல் 21, வியாழக்கிழமை. அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு ஏஎம்டி தன் முதல் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. விற்பனை 83.2 கோடி டாலர், நஷ்டம் 10.9 கோடி டாலர். அன்று பங்கின் விலை 2 டாலர் 62 சென்ட். கணக்கோடு சேர்ந்து இன்னொரு அறிவிப்பும் வந்தது. சீனாவின் தியான்ஜின் ஹைகுவாங் நிறுவனத்தோடு கூட்டு நிறுவனம் தொடங்கி, சர்வர் சிப் செய்வதற்கான தொழில்நுட்பத்தை அதற்கு லைசென்ஸ் கொடுக்கப்போவதாகவும், அதற்கு 29.3 கோடி டாலர் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். மறுநாள் சந்தை மூடும்போது விலை 3 டாலர் 99 சென்ட். ஒரே நாளில் 52 சதவீத ஏற்றம்.

இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அப்போது ஏஎம்டிக்கு ஏறத்தாழ 79 கோடி பங்குகள். பங்குக்கு 1 டாலர் 37 சென்ட் கூடியது என்றால், நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு ஒரே நாளில் சுமார் 108 கோடி டாலர் ஏறியிருக்கிறது. ஒப்பந்தமோ 29.3 கோடிக்கு. அதுவும் ஒரே தடவையில் வரும் பணம் இல்லை. வேலை ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, சில வருடங்களில் வரவேண்டியது. மீதி எதற்காக ஏறியது?

காரணம் ஒன்றல்ல. அடுத்த காலாண்டில் விற்பனை 15 சதவீதம் போல உயரும் என்று அதே அறிக்கையில் நிறுவனம் சொல்லியிருந்தது. விலை இன்னும் விழும் என்று நம்பி ஷார்ட் அடித்திருந்தவர்கள் (கடன் வாங்கிய பங்கை விற்று வைத்திருந்தவர்கள்) நிறைய பேர், அவர்களும் பதறி வாங்கியிருப்பார்கள். என் கணிப்பில் இவற்றைவிட முக்கியமான காரணம் வேறு. சென் என்ற புது வடிவமைப்பை ஏஎம்டி அப்போது இன்னும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. அது தேறுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. அந்த நேரத்தில், உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்புள்ள ஒருவர் காசு கொடுத்து அந்த நிறுவனத்தின் சர்வர் தொழில்நுட்பத்தைக் கேட்கிறார் என்றால், அது ஒரு சாட்சி. அன்று சந்தை விலை போட்டது பெரும்பாலும் அந்தச் சாட்சிக்குத்தான்.

அப்புறம் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2016 முழு ஆண்டுக்கும் அந்த லைசென்ஸில் ஏஎம்டி கணக்கில் எழுதியது 8.8 கோடி டாலர், அடுத்த ஆண்டு 5.2 கோடி. விற்பனைத் தொகைக்குள் தேடினால் இது கிடைக்காது. "லைசென்ஸ் ஆதாயம்" என்று கீழே தனி வரியில் இருக்கும். 2016-ல் நிறுவனத்தின் மொத்த நஷ்டம் 49.7 கோடி. லைசென்ஸ் பணம் உதவியது, ஆனால் அது நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தவில்லை. தூக்கி நிறுத்தியவை அந்தச் சென் வடிவமைப்பில் 2017-ல் வந்த ரைசன், எபிக் பிராசசர்கள்தான். 2016-ல் வாங்கி வைத்திருந்தவர்கள் பெரிய பணம் பார்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் செய்தியை வைத்து வாங்கினார்களோ அந்தச் செய்தி அவர்களுக்கு அந்தப் பணத்தைத் தரவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, "அன்று லைசென்ஸ் செய்தியில் வாங்கியவன் ஜெயித்தான்" என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் அடுத்த செய்தியில் புதிதாக வருகிறவர் மாட்டிக்கொள்கிறார்.

அந்த ஒப்பந்தத்துக்கு இன்னொரு முடிச்சும் விழுந்தது. 2019 ஜூனில் அமெரிக்க வர்த்தகத் துறை, ஏஎம்டியின் சீனக் கூட்டாளிகளையும் கூட்டு நிறுவனங்களையும் அனுமதி இல்லாமல் அமெரிக்கத் தொழில்நுட்பம் கொடுக்கக்கூடாதவர்கள் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. லைசென்ஸ் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் விருப்பம் இருந்தாலும், மூன்றாவதாக அரசின் கை ஒன்று பணம் வரும் குழாயை மூட முடியும் என்று அன்று தெரிந்தது. 2016 ஏப்ரலில் எத்தனை பேர் அந்தக் கையைக் கணக்கில் எடுத்திருப்போம்?

லைசென்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு சரக்கு இருக்கிறது. நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் இது. சில ஒப்பந்தங்கள் வெறும் சமாதானம்: என் காப்புரிமைகளுக்காக உன்மேல் வழக்குப் போடமாட்டேன், நீயும் போடாதே. இதில் எந்த வரைபடமும் கைமாறாது, பொறியாளர்கள் யாரும் யாரோடும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். வேறு சிலவற்றில் வடிவமைப்பே கைமாறும். பிராசசர் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் நடத்தும் வியாபாரம் அந்த வகை: முதலில் லைசென்ஸ் கட்டணம், பிறகு விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி. இன்னும் சிலவற்றில் கொடுப்பவர் தன் போட்டியாளரை வளர்த்துவிடுகிறார். மூன்றையும் செய்தித் தலைப்பு "லைசென்ஸ் ஒப்பந்தம்" என்றுதான் எழுதும்.

முதல் வகைக்கு என்விடியா, இன்டெல் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டும் 2004-ல் ஒரு லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டிருந்தன. அதை வைத்து இன்டெல் பிராசசர்களுக்கு என்விடியா சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) செய்து வந்தது. பிறகு இன்டெல், அதுவரை சிப்செட்டில் இருந்த மெமரி கன்ட்ரோலரையே (நினைவகத்தைக் கையாளும் பகுதி) பிராசசருக்குள் வைத்துப் புதிய தலைமுறையைக் கொண்டுவந்தது. பழைய ஒப்பந்தம் இந்தப் புது பிராசசர்களுக்கும் செல்லுமா? செல்லாது என்று 2009 பிப்ரவரியில் இன்டெல் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த மாதமே என்விடியா எதிர்வழக்குப் போட்டது. 2011 ஜனவரி 10 அன்று சமாதானம். இன்டெல் 150 கோடி டாலர் தரும்: முதல் மூன்று தவணை தலா 30 கோடி, அடுத்த மூன்று தலா 20 கோடி.

150 கோடி என்ற எண்தான் எல்லா இடத்திலும் ஓடியது. பதிலுக்கு என்விடியாவுக்குக் கிடைக்காதது என்ன என்பது அறிவிப்பிலேயே இருந்தது: இன்டெலின் எக்ஸ்86 பிராசசர் தொழில்நுட்பம் கிடையாது, இன்டெல் தளத்துக்கான சில சிப்செட்டுகளும் கிடையாது. அதாவது எதற்காகச் சண்டை தொடங்கியதோ அந்த வியாபாரத்தை விட்டுவிட்டு, காசை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அது கெட்ட முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கதவு மூடியதற்குக் கிடைத்த ஈட்டுத்தொகையை, புதிதாக ஒரு கதவு திறந்ததாகப் படித்தவர்கள் அன்று நிறைய பேர்.

இனி பணம் எப்படி வந்தது என்று பாருங்கள், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தவணைகள் 2016 ஜனவரியோடு முடிந்துவிட்டன. கணக்கிலோ அது காலாண்டுக்கு 6.6 கோடி, ஆண்டுக்கு 26.4 கோடி என்று 2017 மார்ச் வரை வருமானமாக எழுதப்பட்டது. பணம் வருவது ஒரு கணக்கு, வருமானம் எழுதுவது வேறு கணக்கு. அந்த வருமானத்துக்கு எதிராகச் செலவு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. 2014 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் நிகர லாபம் 44 கோடி. 26.4 கோடி வரிக்கு முந்தைய தொகை, 44 கோடி வரிக்குப் பிந்தையது. வரியைக் கழித்துப் பார்த்தாலும் அந்த ஆண்டு லாபத்தில் பாதியளவு இன்டெல் கொடுத்ததுதான். அந்த வருடங்களில் லாபத்தை மட்டும் பார்த்து "கிராஃபிக்ஸ் வியாபாரம் நன்றாக ஓடுகிறது" என்று நினைத்தவர், பாதி லாபம் 2017-ல் காலாவதியாகும் என்பதைப் பார்க்கவில்லை. நல்லவேளையாக அது காலாவதியாகும் நேரத்தில் என்விடியாவின் ஆண்டு விற்பனை 690 கோடி டாலரை எட்டியிருந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. வேறொரு நிறுவனமாக இருந்தால் வலித்திருக்கும்.

பங்கு விலை என்ன செய்தது? ஒப்பந்தம் வந்த வாரங்களில் நன்றாக ஏறியது; அதற்குச் சில நாள் முன்புதான் ஆர்ம் அடிப்படையில் சொந்தமாக பிராசசர் செய்யப்போவதாக என்விடியா அறிவித்திருந்தது, அந்த உற்சாகமும் சேர்ந்துகொண்டது. 2011 முடிவதற்குள் பிப்ரவரி உச்சத்திலிருந்து விலை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. இன்டெல் ஒரு தவணையும் தவறவில்லை. சொன்ன பணம் சொன்ன தேதியில் வந்துகொண்டிருக்கும்போதே பங்கு பாதியானது. ஏறிய நாளில் எதற்காக ஏறியது என்று தெரியாதவருக்கு, இறங்கும்போது வைத்திருப்பதா விற்பதா என்றும் தெரியாது.

வாங்குபவர் குழாயை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் போதும். பிரிட்டன் நிறுவனம் அது; அப்போது ஐபோன்களின் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பம் அவர்களுடையது. வருமானத்தில் பாதியளவு ஆப்பிளிடமிருந்து வந்தது. இன்னும் 15 மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் தொழில்நுட்பத்தை நிறுத்திவிடுவோம் என்று ஆப்பிள் சொன்னதை 2017 ஏப்ரல் 3 அன்று வெளியிட்டார்கள். பங்கு ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 55 கோடி பவுண்டுக்கு நிறுவனம் விலைபோனது. 2020 ஜனவரியில் ஆப்பிள் திரும்ப வந்து அவர்களோடு புதிய லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டது. அதற்குள் பழைய பங்குதாரர்கள் யாரும் அங்கே இல்லை.

வதந்தி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் கிராஃபிக்ஸை இன்டெல் லைசென்ஸ் எடுக்கிறது என்று 2017-ல் ஒரு பேச்சு ஓடியது. மே 16 அன்று ஏஎம்டி பங்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அடுத்த நாள் இன்டெல் அப்படி எதுவும் இல்லை என்றது, ஏறியது கரைந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உண்மையிலேயே ஒரு அறிவிப்பு செய்தன: இன்டெல் பிராசசரோடு ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் சிப் ஒரே பொதியில் வரும். "பார்த்தீர்களா, வதந்தி உண்மை" என்று நம் ஆட்கள் குதித்தார்கள். இல்லை நண்பர்களே. அது இன்டெல் காசு கொடுத்து ஏஎம்டியிடம் சிப் வாங்கியது. சிப்பை வாங்கினால் விற்கும் அளவுக்குத்தான் பணம், செய்யும் செலவும் விற்பவருடையது. லைசென்ஸ் என்றால் செலவில்லாமல் வருடக்கணக்கில் வரும் பணம். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் கையிலிருக்கும் பங்கின் மதிப்பைப் பல மடங்கு தப்பாகப் போட்டுவிடுவோம்.

ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து இப்படிப்பட்ட ஒரு ஒப்பந்தத்தின் நகலைத் திறந்து பாருங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசியின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். முதல் பத்துப் பக்கம் வரையறைகள். எது "உரிமம் பெற்ற பொருள்", எது அல்ல என்பதே இரண்டு பக்கம் ஓடும். பிறகு பணம் பற்றிய பிரிவு வரும். "ஒவ்வொரு அலகுக்கும் ராயல்டி" என்று தொடங்கி, எண் இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அடுத்த வரியில் "குறைந்தபட்ச ஆண்டுத் தொகை", மறுபடி மூன்று நட்சத்திரம். ஒப்பந்தம் எப்போது முறியலாம் என்ற பிரிவிலும் சில சமயம் நட்சத்திரம்தான். வியாபார ரகசியம் என்று நிறுவனங்கள் மறைக்கும் இடங்கள் இவை. 2019-ல் எஸ்இசி விதியைத் தளர்த்தியதிலிருந்து, பெரும்பாலான இடங்களில் முன்கூட்டி அனுமதி கேட்காமலேயே இப்படி மறைக்கலாம். போட்டியாளரிடமிருந்து விலையை மறைக்க வேண்டிய தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நட்சத்திரங்களைப் பார்த்த பிறகு, அறிவித்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு ஒப்பந்தத்துக்கு நான் விலை போடுவதில்லை. தலைப்பில் இருப்பது மொத்தத் தொகை. ஒப்பந்தத்தின் உயிர் நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது.

கணக்கு முறை வேறு குழப்பும். ராம்பஸைப் பாருங்கள், பெரும்பாலும் லைசென்ஸிலேயே வாழ்ந்த நிறுவனம். 2017-ல் விற்பனை 39.3 கோடி டாலர், 2018-ல் 23.1 கோடி. வியாபாரம் அந்த அளவுக்கு இடிந்துவிடவில்லை. புதிய வருவாய் விதிப்படி நிலையான தொகைக்கான லைசென்ஸ் வருமானத்தை முன்கூட்டியே எழுத வேண்டியிருந்ததால், பின்னால் வரும் தவணைகள் வருமானக் கணக்கிலேயே தெரியாமல் போயின. அதற்காகவே "லைசென்ஸ் பில்லிங்" (அந்தக் காலத்தில் பில் போட்ட தொகை) என்று ஒரு எண்ணைத் தனியாக வெளியிட ஆரம்பித்தார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் பயந்து விற்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கடைசியாக, 2025 டிசம்பர் 24 செய்தி. என்விடியாவுக்குத் தன் தொழில்நுட்பத்தை லைசென்ஸ் கொடுத்திருப்பதாக குரோக் அறிவித்தது (ஈலான் மஸ்க்கின் ஏஐ இல்லை, இது சிப் நிறுவனம்). பயிற்சி முடிந்த ஏஐ மாடலை வேகமாக ஓடவைக்கும் தொழில்நுட்பம் அது. மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்ற வகை லைசென்ஸ்தான். கூடவே நிறுவனர் ஜோனதன் ராஸும் குழுவில் சிலரும் என்விடியாவில் சேர்கிறார்கள் என்றும், குரோக் தனி நிறுவனமாகத் தொடரும் என்றும் சொன்னார்கள். அறிவிப்பில் தொகை இல்லை. 2,000 கோடி டாலர் என்பது சிஎன்பிசி வெளியிட்ட செய்தி. என்விடியா பங்கு பெரிதாக அசையவில்லை, அந்த அளவு நிறுவனத்துக்கு அது இயல்பு. ஆனால் வடிவமைத்தவரே கிளம்பிப் போகும்போது அது லைசென்ஸா, நிறுவனத்தையே வாங்குவதா என்று நாம் கேட்டிருக்க வேண்டும். தொழில்நுட்பத்தின் பாதி, அதைச் செய்தவர்களின் தலையில்தான் இருக்கிறது. நம் குழுக்களில் நான் பார்த்தவரை பேச்சு முழுக்க 2,000 கோடியைச் சுற்றியே நடந்தது.

நான் முதலீட்டு ஆலோசகர் இல்லை. எதை வாங்குங்கள், எதை விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த லைசென்ஸ் செய்தியைக் குழுவில் போடும்போது, ஏறிய சதவீதத்துக்குப் பக்கத்தில் நாலு விவரம் சேர்த்துப் போடுங்கள். கைமாறுவது காப்புரிமைச் சமாதானமா, வடிவமைப்பா, வெறும் சிப்பா? இன்று வரும் பணம் எவ்வளவு, நிபந்தனை நிறைவேறினால் வரும் பணம் எவ்வளவு? எந்த ஆண்டு முடிகிறது? வாங்குபவரைத் தவிர வேறு யார் இதை நிறுத்த முடியும்? தெரியாததற்கு நேரே "தெரியாது" என்று எழுதுங்கள். அந்த "தெரியாது" புதிதாக வந்தவருக்குப் பெரிய உதவி. முக்கியமான ஒப்பந்தம் என்றால் அமெரிக்காவில் பொதுவாக நாலு வேலை நாளுக்குள், முக்கிய நிகழ்வுகளை எஸ்இசிக்குத் தெரிவிக்கும் 8-கே படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கமான வியாபாரம்தான் என்று சொல்லித் தாக்கல் செய்யாமலும் விடலாம். அப்படி விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். நம் குழுக்களின் நிர்வாகிகளாக இருப்பவர்கள், இந்த விவரம் இல்லாத லைசென்ஸ் பதிவை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள்.

அடுத்த ஒப்பந்தம் வரும்போது 8-கேயையும், ஒப்பந்த நகல் வந்தால் அதையும் நான் படித்து, எங்கெங்கே நட்சத்திரம் இருக்கிறது என்று குறித்துப் போடுகிறேன். நான் எதையாவது தவறவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு சிறு பங்குதாரர்